கரையும் பூச்சு

அன்புள்ள சேகர்,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இனி சர்க்யூட் போர்டின் மெல்லிய ட்ராக்குகளை, அதாவது செம்புக் கோடுகளை, பார்க்க லென்ஸைத் தேட வேண்டாம். இங்கே மகன் வேலை மாறியிருக்கிறான். மற்றபடி எல்லோரும் நலம்.

சரி, நீ கேட்ட விஷயம்: லேசர் பிரிண்ட் எடுத்த சர்க்யூட் படத்தை இஸ்திரிப் பெட்டியால் செம்புப் போர்டுக்கு மாற்ற, பத்திரிகைத் தாளே போதாதா, தாளில் எதற்குப் பூச்சு? பளபளப்பான பத்திரிகைத் தாளில் பிரிண்ட் எடுத்துத் தேய்த்தாலும் போர்டு வரும்தான். ஆனால் தாளின் நார் டோனரோடு (பிரிண்டரின் கறுப்புப் பொடி) ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு ட்ராக்குக்கு நடுவே அது நின்றுவிட்டால் அந்த இடத்தில் வேண்டாத செம்பு ரசாயனத்தில் அரிபடாமல் நின்று இரண்டையும் இணைத்துவிடும், ஷார்ட்தான். நாரை பிரஷ்ஷால் தேய்த்தால் நல்ல ட்ராக்கும் கூடவே கிளம்பிவிடும். அதனால்தான் தாளுக்கும் டோனருக்கும் நடுவில் தண்ணீரில் கரைகிற பூச்சு வேண்டும் என்கிறேன்.

அதற்கு டெக்ஸ்ட்ரின் நல்லது. மாவுச்சத்தை வறுத்து எடுப்பதுதான் அது. அந்தக் காலத்தில் நாக்கில் தடவி ஒட்டினோமே, தபால் உறை, அந்தப் பசையிலும் இதுதான். தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, லேசாகச் சூடாக்கி, வடிகட்டி, அகலமான பிரஷ்ஷால் மெல்லிசாகத் தடவு. காய்ந்ததும் குறுக்கு வாட்டில் இன்னொரு பூச்சு. தாள் சுருளத்தான் செய்யும். கனமான புத்தகங்களுக்கு அடியில் வை.

தடிமனாகப் பூச ஆசை வரும், வேண்டாம். பிரிண்டர் ரோலரில் வளையும்போது பூச்சு வெடித்து, செதிலாக உள்ளே கொட்டும். தாளின் மூலையைப் பென்சில் மேல் சுற்றிப் பார்; விரிசல் விட்டால் அடுத்த கரைசலில் சில துளி கிளிசரின் சேர். அதிகமானால் பிசுபிசுக்கும். ஈரம் மிச்சமிருந்தாலும் பிரிண்டருக்குள் போகக்கூடாது. இன்க்ஜெட் போட்டோ தாளை லேசர் பிரிண்டரில் விடவே விடாதே, அதன் பிளாஸ்டிக் உருகி ரோலரில் சுற்றிக்கொள்ளும்.

படத்தைக் கண்ணாடி பிம்பமாக எடு, டோனர் சிக்கனத்தை அணைத்துவிடு. செம்பைப் பளிச்சென்று தேய்த்து, அசிட்டோனால் துடை. பிரிண்டைச் செம்பின் மேல் கவிழ்த்து இஸ்திரி போடு; பெட்டியில் நீராவி கூடாது. அப்புறம் போர்டைத் தண்ணீரில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போ. பொறுமையில்லாமல் தாளை இழுக்காதே. அது தானாக வழுக்கிக்கொண்டு வரும். கறுப்புக் கோடுகள் செம்பில் நிற்கும். மேலே இருக்கும் கொழகொழப்பை விரல் நுனியால் கழுவிய பிறகே, செம்பை அரிக்கும் பெர்ரிக் குளோரைடில் போடு.

மிச்சத் தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் வை, இல்லாவிட்டால் பூச்சு ஈரத்தை இழுத்துவிடும். உன் ஆம்ப்ளிஃபயர் படத்தையும் அனுப்பு. கிரவுண்டை, அதாவது சர்க்யூட் முழுவதற்கும் பொதுவான பூஜ்ய வோல்ட் செம்பை, அகலமாகப் போட்டிருந்தால் பார்க்க வேண்டும். பெரிய கறுப்புப் பரப்பில்தான் டோனர் பொத்தல் விடும்.

அன்புடன்,
ரவி