மீத்திறன் வகுப்புகள் எந்த வட்டாரத்தில் அமைய வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடக்கநிலை 3இல் தேர்வு வைத்து, மிகத் திறமையான பிள்ளைகளைச் சில பள்ளிகளில் தனி வகுப்பில் படிக்க வைக்கும் மீத்திறன் கல்வித் திட்டம் இப்போதைய வடிவில் தொடராது என்று சிங்கப்பூர்ப் பிரதமர் லாரன்ஸ் வோங் 2024 ஆகஸ்ட் மாதத் தேசிய தினப் பேரணி உரையில் அறிவித்ததிலிருந்து, பெற்றோர் நாலு பேர் கூடினால் அதே பேச்சாக இருக்கிறது. இனிப் பிள்ளைகளை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள், எந்தப் பாடத்துக்குத் துணைப்பாட வகுப்புக்கு அனுப்ப வேண்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்து நம் பிள்ளைக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்பவை எல்லாம் பெற்றோருக்கு இயல்பான கவலைகள்தான். ஆனால் அந்த வகுப்பு எந்தப் பள்ளியில், எந்த வட்டாரத்தில் நடக்கும் என்பதை அவ்வளவு கருத்தாகக் கேட்டவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. தேர்வுத்தாள் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், வகுப்பறை அமைந்திருக்கும் முகவரியே பாதிப் பிள்ளைகளை வடிகட்டிவிடும் என்பது என் கருத்து. அதைச் சற்று விரிவாகச் சொல்ல இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

‘ஜிஇபி’ என்று பெற்றோர் சொல்லும் அத்திட்டம் 1984இல் ரோசைத் பள்ளி, ராஃபிள்ஸ் பெண்கள் தொடக்கப்பள்ளி ஆகிய இரு தொடக்கப்பள்ளிகளில் தொடங்கியது. பிறகு அது ஒன்பது தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்தது. அவற்றை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் செய்தி விளங்கும். ராஃபிள்ஸ் பெண்கள் தொடக்கப்பள்ளி, நன்யாங், ஹென்றி பார்க், பார்க்கர் சாலையில் உள்ள ஆங்கிலோ சீனத் தொடக்கப்பள்ளி ஆகிய நான்கும் புக்கிட் தீமா, ஹாலந்து, நியூட்டன் பக்கம் ஒன்றையொன்று எட்டிப் பார்க்கும் தொலைவில் இருக்கின்றன. நான் ஹுவா கிளமெண்டியில், கத்தோலிக்க உயர்நிலைப்பள்ளியின் தொடக்கநிலைப் பிரிவு பீஷானில், ரோசைத் சிராங்கூன் நார்த்தில், தாவ் நான் மரின் பரேடில், செயின்ட் ஹில்டா தெம்பனிஸில் உள்ளன. உட்லண்ட்ஸ், ஈசூன், செம்பவாங், செங்காங், பொங்கோல், சுவா சூ காங், ஜூரோங் வெஸ்ட் ஆகிய வட்டாரங்களில் இளம் குடும்பங்கள் நிறைந்திருந்தும் அந்த ஒன்பதில் ஒரு பள்ளிகூட அங்கே இல்லை.

இதை யாரும் வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. இப்பள்ளிகளில் பல, நம் புது நகரங்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே பெயர் பெற்றவை. ஆனால் பள்ளியின் முகவரி மலையைப் போல், ஆற்றைப் போல் இயற்கையாக அமைந்துவிட்ட ஒன்றல்ல. 1906இல் தொடங்கிய தாவ் நான் பள்ளி ஆர்மீனியன் தெருவை விட்டு மரின் பரேடுக்குப் போனது. அதன் பழைய கட்டடத்தில் இன்று பெரனாக்கான் அரும்பொருளகம் இருக்கிறது. கத்தோலிக்க உயர்நிலைப்பள்ளி குவீன் ஸ்திரீட்டிலிருந்து பீஷானுக்கு மாறியது. மக்கள் குடிபெயரும்போது பள்ளிகளும் பெயர்ந்திருக்கின்றன. திட்டத்தை இடம் மாற்றுவது கட்டடத்தை இடம் மாற்றுவதைவிட எளிது.

தமிழ்ப் பெற்றோருக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. அது பொதுப் பேச்சில் வந்ததே இல்லை. அந்த ஒன்பதில் நன்யாங், நான் ஹுவா, தாவ் நான், கத்தோலிக்கப் பள்ளி ஆகிய நான்கும் சீனத்தை மட்டுமே தாய்மொழியாகக் கற்பிக்கும் சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள். மீதி ஐந்தில் ஒன்று ஆண் பிள்ளைகளுக்கு மட்டும், ஒன்று பெண் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது. ஆகவே தமிழைத் தன் பள்ளியிலேயே படிக்க விரும்பும் ஒரு தமிழ்ச் சிறுமிக்கோ சிறுவனுக்கோ அதிகபட்சம் நான்கு பள்ளிகளுக்கு மேல் மிஞ்சாது. ‘தீவு முழுவதற்கும் ஒன்பது பள்ளிகள்’ என்று கேட்கும்போது போதுமானதாகத் தெரிகிற எண்ணிக்கை, ஒரு குறிப்பிட்ட பிள்ளை தன் வீட்டு வாசலில் நின்று பார்க்கும்போது எப்படிச் சுருங்கிவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

எங்கள் புளோக்கில் அதே மாடியில் வசிக்கும் ஒரு மலாய்க் குடும்பத்தின் மகளுக்கு, சில ஆண்டுகளுக்கு முன் தொடக்கநிலை 3 இறுதியில் திட்டத்தில் சேர அழைப்புக் கடிதம் வந்தது. அவளுடைய தந்தை இரவு நேரப் பாதுகாவலர், தாய் அதிகாலையில் வேலைக்குப் போகிறவர், வீட்டில் கைக்குழந்தை வேறு. பள்ளிப் பேருந்து பிடிக்க வேண்டுமானால் பிள்ளை விடியலுக்கு வெகு முன்பே எழ வேண்டும், மாலையில் அவளை அழைத்து வர ஆளில்லை. ஒரு வாரம் யோசித்துவிட்டு அவர்கள் மறுத்துவிட்டார்கள். அந்தக் கடிதத்தை அவளுடைய தாய் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைத்திருக்கிறார். என்னிடம் எடுத்துக் காட்டியபோது, “மூளை இருந்தும் பஸ் இல்லை அண்ணே” என்று ஆங்கிலமும் தமிழும் கலந்து சொன்னார். தேர்வில் வெற்றி பெற்ற ஒரு பிள்ளையைத் தொலைவு தோற்கடித்தது. இத்தகைய மறுப்புகள் ‘பெற்றோர் விருப்பம்’ என்றுதான் பதிவாகும் என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தம் மிகுகிறது.

அமெரிக்காவில் இக்கேள்வி ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக வெளிப்படையாக விவாதிக்கப்பட்டு வருகிறது. அங்கே ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனிப் பள்ளி வாரியம் உண்டு, சிறப்புப் பாடத்திட்டத்தை எந்தக் கட்டடத்தில் வைப்பது என்பதை அந்த வாரியமே முடிவு செய்கிறது. அத்தகைய பள்ளிக்குக் ‘காந்தப் பள்ளி’ என்று அவர்கள் பெயர் வைத்ததே, தொலைவிலிருக்கும் பிள்ளைகளைத் தன் பக்கம் இழுக்க வேண்டும் என்பதால்தான். 1954இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று தீர்ப்பளித்த பிறகும் வட்டாரங்கள் இனவாரியாகப் பிரிந்தே கிடந்ததால் பள்ளிகளும் அப்படியே இருந்தன. பிள்ளைகளைக் கட்டாயமாகப் பேருந்தில் ஏற்றி வேறு வட்டாரத்துக்கு அனுப்பியபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1968இல் வாஷிங்டன் மாநிலத்தின் டக்கோமா நகரில், பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள் படித்த மெக்கார்வர் தொடக்கப்பள்ளியில் சிறப்புப் பாடங்களை ஏற்படுத்தி, நகரின் எந்த மூலையிலிருந்தும் விரும்பியவர்கள் வரலாம் என்று திறந்துவிட்டார்கள். நாட்டின் முதல் காந்தப் பள்ளியாக அதையே குறிப்பிடுகிறார்கள்.

பெற்றோரைக் கட்டாயப்படுத்த முடியாதபோது, அவர்கள் தாமாகவே விரும்பி வரும்படியான ஒன்றைத் தேவையுள்ள வட்டாரத்தில் வைப்பதுதான் அதன் தத்துவம். மேரிலாந்து மாநிலத்தின் மாண்ட்கமரி மாவட்டம் 1985இல் கணிதம், அறிவியல், கணினியியல் ஆகியவற்றுக்கு, தேர்ந்தெடுத்த மாணவர்களைச் சேர்க்கும் சிறப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, அதை வசதி படைத்த மேற்குப் பகுதியில் வைக்காமல், சிறுபான்மையினர் பெருகிவந்த கிழக்குப் பகுதியில் சில்வர் ஸ்பிரிங்கில் உள்ள பிளேர் உயர்நிலைப்பள்ளியில் வைத்தது. இதே காரணத்தை எல்லா வாரியங்களும் பின்பற்றியதாகச் சொல்ல முடியாது. மாணவர் குறைந்து காலியாகக் கிடக்கும் கட்டடத்தை நிரப்புவதற்காகச் சில இடங்களிலும், நடுத்தரக் குடும்பங்கள் தனியார் பள்ளிக்கோ புறநகருக்கோ போய்விடாமல் தடுப்பதற்காக வேறு சில இடங்களிலும், குரல் கொடுக்கத் தெரிந்த பெற்றோர் வாழும் இடம் என்பதற்காக இன்னும் சில இடங்களிலும் இத்திட்டங்கள் அமைந்தன.

திட்டத்தை எங்கே வைப்பது என்ற முடிவு மட்டும் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை என்பதையும் அந்த அனுபவம் காட்டுகிறது. வசதி குறைந்த வட்டாரப் பள்ளியில் சிறப்புத் திட்டம் அமைந்த பல இடங்களில் ‘பள்ளிக்குள் ஒரு பள்ளி’ உருவாகிவிட்டது. தொலைவிலிருந்து பேருந்தில் வருகிற பிள்ளைகள் ஒரு தளத்தில் படிக்க, அதே தெருவில் வசிக்கும் பிள்ளைகள் வேறு தளத்தில் வேறு ஆசிரியர்களிடம் படித்தார்கள். பள்ளியின் சராசரி மதிப்பெண் உயர்ந்ததே தவிர, அந்தத் தெருப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது என்ன என்ற கேள்வி அப்படியே நின்றது. மிசூரி மாநிலத்தின் கான்சஸ் சிட்டி, நீதிமன்ற உத்தரவின் பேரில் ஏறத்தாழ எல்லாப் பள்ளிகளையும் காந்தப் பள்ளிகளாக்கி, ஒரு பள்ளியில் ஒலிம்பிக் அளவு நீச்சல் குளம்கூடக் கட்டியது. எதிர்பார்த்த அளவில் புறநகர்ப் பிள்ளைகள் வரவில்லை. 1995இல் உச்ச நீதிமன்றமும் அவ்வழிக்குத் தடை போட்டது. 2007இல் வந்த இன்னொரு தீர்ப்பு, தனி மாணவரின் இனத்தைப் பார்த்துப் பள்ளி ஒதுக்குவதைக் கட்டுப்படுத்தியது. அதன் பிறகு பல வாரியங்கள் முகவரியையும் குடும்ப வசதியையும் கணக்கில் எடுக்கத் தொடங்கின. வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் மாவட்டம் 2020இல் தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப்பள்ளியின் நுழைவுத் தேர்வை நீக்கி, மாவட்டத்தின் ஒவ்வொரு நடுநிலைப்பள்ளிக்கும் அதன் எட்டாம் வகுப்பில் 1.5 விழுக்காட்டுக்குச் சமமான இடங்களை ஒதுக்கியது. அதை எதிர்த்த வழக்கை விசாரிக்க 2024இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அம்முறை சரியா தவறா என்பதில் அறிவார்ந்தவர்களே இரு பக்கமும் நிற்கிறார்கள். நான் அதை இங்கே அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை.

நம் நிலைமை வேறு. 1989 முதல் நடப்பிலுள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கையால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைகள் இனவாரியாகப் பிரிந்து கிடப்பதில்லை. பள்ளிகள் அனைத்தும் ஒரே அமைச்சின் கீழ் இருக்கின்றன. ஆனாலும் தொடக்கநிலை 1 பதிவில் ஒரு கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்கு முன்னுரிமை இருப்பதால், பெயர் பெற்ற பள்ளியைச் சுற்றி யார் வீடு வாங்க முடிகிறதோ அவர்கள் பிள்ளைகளே பெரும்பாலும் அங்கே சேர்கிறார்கள். அத்தகைய பள்ளியிலேயே சிறப்புத் திட்டத்தையும் வைத்தால் வசதிக்கு மேல் வசதி சேர்கிறது. வடக்குக்கு எதுவுமே வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன்; 2004இல் திறந்த சிங்கப்பூர் விளையாட்டுப் பள்ளி உட்லண்ட்ஸில்தான் இருக்கிறது. தங்கும் விடுதியோடு அதைக் கட்டியதால் தீவின் எந்த மூலையிலிருந்தும் பிள்ளைகள் அங்கே வர முடிகிறது. தொலைவை முன்கூட்டியே யோசித்துத் திட்டமிட்டதற்கு அது நல்ல சான்று. பத்து வயதுப் பிள்ளைக்கு விடுதி பொருந்தாது. எனவே வகுப்புதான் பிள்ளையை நோக்கி வர வேண்டும்.

புதிய முறைப்படி ஒவ்வொரு தொடக்கப்பள்ளியும் தன் மாணவர்களின் திறனைக் கண்டறிந்து வளர்க்கும். கூடுதலாகச் செல்லக்கூடியவர்கள் பள்ளி நேரத்துக்குப் பிறகு அருகிலுள்ள வேறொரு பள்ளியில் நடக்கும் வகுப்புகளுக்குப் போகலாம். 2024இல் தொடக்கநிலை 1 சேர்ந்த பிள்ளைகள் 2027இல் தொடக்கநிலை 4 வரும்போது இது நடப்புக்கு வரும். இதை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும் ‘அருகிலுள்ள’ என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ்ப் பெற்றோர் பலருக்கு ஒரு பழைய நினைவு வந்திருக்கும். தமிழ் கற்பிக்காத பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள், உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கோ வேறொரு பள்ளியில் உள்ள தமிழ் நிலையத்துக்கோ பள்ளி முடிந்த பின் போய் வருகிறார்கள். பள்ளி முடிந்து வேறிடத்துக்குப் போய்ப் படிப்பது என்றால் என்ன என்பது நமக்குத் தெரியும்.

என் மகள் மூன்று ஆண்டுகள் அப்படிப் போனாள். இங்கே பெயர் சொல்ல வேண்டாத ஒரு பள்ளியில் வாரம் இரண்டு பிற்பகல் தமிழ் வகுப்பு. பள்ளி ஒன்றரை மணிக்கு முடியும். முதல் பேருந்தை விட்டுவிட்டால் இரண்டாவதை மாற்றும் இடத்தில் இருபது நிமிடம் நிற்க வேண்டும். தயிர்ச்சோற்று டப்பாவைப் பேருந்து நிலைய இருக்கையில் உட்கார்ந்து அவசரமாகத் தின்றுவிட்டு ஓடுவாள். மழை நாள்களில் காலணிக்குள் தண்ணீரோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். வகுப்பு தொடங்கும்போது அவளுக்குத் தூக்கம் கண்ணைச் சொக்கும் என்று அவளுடைய ஆசிரியையே என்னிடம் பரிவோடு சொன்னார். அவள் விடாமல் போனாள், இன்று நன்றாகத் தமிழ் எழுதுகிறாள். ஆனால் அவளோடு தொடங்கிய ஏழு பிள்ளைகளில் மூன்று பேர் நடுவில் நின்றுவிட்டார்கள். அந்த மூவரும் திறமையில் குறைந்தவர்கள் அல்லர்; வீட்டில் கூட்டிப்போக ஆள் இல்லாதவர்கள்.

ஆகவே கல்வி அமைச்சிடம் என் வேண்டுகோள் இதுதான். புதிய வகுப்புகளுக்கான பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கும்போது பழைய ஒன்பதில் ஏற்கெனவே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்ற வசதியை முதல் அளவுகோலாக வைக்கக் கூடாது. ஆசிரியர்கள் இடம் மாறுவது பத்து வயதுப் பிள்ளைகள் இடம் மாறுவதைவிட எளிது. எந்த வட்டாரத்துப் பிள்ளைக்கும் ஒரே பேருந்தில் அல்லது இரண்டு எம்ஆர்டி நிறுத்தத்தில் போய்ச்சேரும்படி, பேருந்துச் சந்திப்பை ஒட்டிய சாதாரண வட்டாரப் பள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள். தாய்மொழி எதுவாயினும் தயங்காமல் நுழையக்கூடிய பள்ளியாக அது இருக்கட்டும். எந்த அடிப்படையில் இடங்கள் தீர்மானிக்கப்பட்டன என்பதைப் பெற்றோருக்குச் சொல்லுங்கள். அழைப்பு வந்தும் மறுத்தவர்களிடம் காரணத்தைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். அப்போதுதான் ‘விருப்பமில்லை’ என்பதும் ‘போக வழியில்லை’ என்பதும் வேறு வேறு என்று தெரியும். நிதி உதவித் திட்டத்தில் உள்ள குடும்பங்களுக்குப் போக்குவரத்துச் செலவை அமைச்சே ஏற்க வேண்டும். வகுப்பு நடக்கும் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும் அந்த வகுப்பின் கதவைத் தட்டிப் பார்க்கும் வாய்ப்பைப் பெற வேண்டும். இல்லாவிட்டால் அமெரிக்காவில் பல இடங்களில் கண்ட ‘பள்ளிக்குள் ஒரு பள்ளி’ என்ற குறையை நாமும் காண்போம்.

ஒரு சிறு விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் பள்ளி உணவகக் கடைகள் பெரும்பாலும் அடைத்துவிடுகின்றன. வேற்றுப் பள்ளியிலிருந்து பசியோடு வரும் பிள்ளைகளுக்காக, அந்த நாள்களில் ஒரு கடையையாவது மூன்று மணி வரை திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உட்லண்ட்ஸில் வசிக்கும் ஒரு தந்தை