தோழியோடு கடைக்குப் போகும் நாளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

ரொம்ப நாள் கழித்து உன் தோழியைப் பார்க்கப் போகிறாய், அப்படியே கடைக்கும் போகப்போகிறீர்கள் என்று சொன்னாய். கேட்டதும் மனசு நிறைந்தது. ஆபீசுக்கு இரண்டு சட்டை, ஒரு ஷூ வேண்டும் என்றாயே, பட்டியல் அதோடு நிற்கட்டும். ஐந்தாறு சாமானைச் சேர்த்துக்கொண்டு கிளம்பினால் பேச வேண்டியதெல்லாம் பில் போடும் வரிசையிலேயே தீர்ந்துபோகும்.

கடை திறந்ததும் போய்விடுங்கள். முதல் இரண்டு மணி நேரம் கூட்டம் இருக்காது, டிரையல் ரூமுக்குக் காத்திருக்க வேண்டாம், வேண்டிய அளவும் கலையாமல் அடுக்கில் இருக்கும். சட்டையை அந்த நேரத்தில் பார். ஷூவை மட்டும் நாலு மணிக்குத் தள்ளி வை. காலையில் இருக்கிற பாதம் மாலையில் இருப்பதில்லை. நின்று நடந்து சற்று வீங்கிவிடும். காலையில் கச்சிதமாக இருக்கிற ஷூ சாயங்காலம் கடிப்பது அதனால்தான். நடுவில் கிடைக்கும் நேரம் முழுக்க உங்கள் இரண்டு பேருக்கும்.

சட்டையில் முதலில் தோளைப் பார். தோள் தையல் உன் தோள் எலும்பு முடியும் இடத்தில் உட்கார வேண்டும். அது இறங்கி நின்றாலோ கழுத்துப் பக்கம் ஏறி நின்றாலோ, நிறம் எவ்வளவு பிடித்திருந்தாலும் வைத்துவிடு. இடுப்பை எந்தத் தையல்காரரும் பிடித்துத் தருவார், நீளத்தைக் குறைப்பார். தோளைச் சரிசெய்ய வேண்டுமென்றால் கையைப் பிரித்து, கழுத்துவரை பிரித்து, திரும்ப வெட்ட வேண்டும். அந்தக் கூலிக்கும் அலைச்சலுக்கும் வேறு சட்டை பார்ப்பது மேல்.

பிறகு உள்பக்கம் திருப்பு. பக்கத் தையலை இரண்டு பக்கமும் மெதுவாக இழுத்துப் பார். தையலுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் நூல் தளர்வாக ஓடியிருக்கிறது, சீக்கிரம் பிரியும். ஒரு அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையல் இருந்தால் நல்ல வேலை. ஐந்தாறுதான் இருந்தால் அவசரத்தில் தைத்தது. கோடு போட்ட துணி, கட்டம் போட்ட துணி என்றால் பக்கத் தையலில் கோடு கோட்டோடு சேர்கிறதா என்று பார். அதைச் சேர்த்து வெட்டத் துணி கொஞ்சம் கூடுதலாக ஆகும். அந்தச் செலவைச் செய்தவர்கள் மற்ற வேலையிலும் பெரும்பாலும் கை சுருக்கியிருக்க மாட்டார்கள்.

துணியின் ஒரு மூலையைக் கைக்குள் இறுக்கிப் பத்து விநாடி பிடித்துவிட்டு விடு. சுருக்கம் அப்படியே நின்றால், ஆபீசில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தாலே முதுகில் அதே சுருக்கம் விழும். பருத்தி என்றால் 'முன்கூட்டியே சுருக்கியது' என்று லேபிளில் இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு குறையலாம். 60 சென்டிமீட்டர் கை என்றால் இரண்டு சென்டிமீட்டர் போய்விடும். மணிக்கட்டில் சரியாக நிற்கிற கையை வாங்காமல், சற்று இறங்கி நிற்பதை வாங்கு.

நிறத்தைக் கடை விளக்கில் நம்பாதே. ஒரு வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு கறுப்பு, வெயிலில் ஒன்று நீலமாகவும் ஒன்று பழுப்பாகவும் தெரியும். வீட்டில் இருக்கும் பேன்ட்டுக்குச் சேர வேண்டுமென்றால் பேன்ட்டையே பையில் எடுத்துப் போ. கடைக்காரரிடம் சொல்லிவிட்டு இரண்டையும் ஜன்னல் பக்கம் வைத்துப் பார்.

இங்கேதான் தோழி கூட இருப்பதன் அருமை. "நல்லா இருக்கா?" என்று கேட்டால் உன் மனசு நோகக் கூடாது என்று "நல்லாத்தான் இருக்கு" என்பாள். "பின்னாடி முதுகு இழுக்குதா? கையத் தூக்கினா இடுப்பு தெரியுதா?" என்று கேள். கையைத் தூக்கிக் காட்டு, உட்கார்ந்து காட்டு. பொத்தான்களுக்கு நடுவே வாய் பிளக்கிறதா என்று அவள்தான் பக்கவாட்டில் நின்று பார்க்க முடியும். அவள் போட்டுப் பார்க்கும்போது நீயும் அதே பொறுமையோடு பார். இந்த மாதம் அவளுக்குக் கை நெருக்கமாக இருந்தால் "இதையும் எடுத்துக்கோயேன்" என்று ஒரு தரம்கூடச் சொல்லிவிடாதே. கேட்பவருக்கு அது பெரிய தர்மசங்கடம்.

தள்ளுபடிப் பலகையைப் பார்த்து இரண்டு பேரும் கணக்குப் போடத் தொடங்குவீர்கள். 50 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்றால் 70 இல்லை. 100 முதலில் 50 ஆகும், அந்த 50-ல் இருபது சதவீதம் பத்து. மொத்தக் குறைப்பு 60. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பது ஒன்றுக்கு 33 சதவீதம்தான், அதுவும் மூன்றும் தேவைப்பட்டால்.

முக்கால் மணிக்கு ஒரு தடவை உட்காருங்கள். ஒரே சீராக நடந்தால் கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளும். கடைக்குள் இரண்டு அடி வைத்து ஐந்து நிமிடம் நிற்கிறோம், ரத்தம் காலிலேயே தேங்குகிறது. நாலு கிலோமீட்டர் நடந்தவளைவிட நாலு கடை ஏறி இறங்கியவளுக்குக் கால் கனப்பது அதனால்தான். களைத்துப்போனால் எதையோ வாங்கிக்கொண்டு கிளம்பிவிடத் தோன்றும்.

மதியம் பேச உட்காரும்போது பாட்டுச் சத்தம் இல்லாத இடமாகப் பார். ஸ்பீக்கருக்குக் கீழே உட்கார்ந்தால் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை சொல்ல வேண்டிவரும். மெதுவாகச் சொல்ல வேண்டிய விஷயத்தை அவள் சொல்லாமலே விட்டுவிடுவாள். "அப்புறம் என்ன விசேஷம்?" என்று தொடங்காதே. போன தடவை பேசினபோது எந்த இடத்தில் நின்றதோ அங்கே பிடி: அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது, அந்த வேலை மாற்றம் கிடைத்ததா என்று. மனசில் கனமாக ஏதாவது வைத்திருந்தால் எதிரெதிரே உட்கார்ந்து சொல்வதைவிடப் பக்கத்தில் நடந்துகொண்டே சொல்வது அவளுக்குச் சுலபம். எழுந்து ஒரு சுற்று நடங்கள். போன் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

ஷூ கடையில் நின்றபடி அளவெடுக்கச் சொல். உடம்பின் பாரம் இறங்கினால்தான் பாதம் முழுசாக விரியும். இரண்டு பாதமும் அனேகமாக ஒரே அளவாக இருக்காது, பெரியதற்கு வாங்கு. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும். பாதத்தின் அகலமான இடம் ஷூவின் அகலமான இடத்தில் உட்கார வேண்டும். தோல் ஷூ அகலத்தில் கொஞ்சம் கொடுக்கும், நீளத்தில் கொடுக்காது. "போடப் போடச் சரியாயிடும்" என்ற சொல்லை நம்பி விரல் இடிக்கிற ஷூவை வாங்காதே. கம்பளத்தில் நடந்து பார்த்தால் எல்லாமே மெத்தென்றுதான் இருக்கும். வெறும் தரையில் நட. நீ போடும் அதே சாக்ஸை எடுத்துப் போக மறந்துவிடாதே.

பணம் கட்டுமுன், மாற்றித் தருவார்களா, பணமாகவே திருப்பித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் என்று கேள். வழவழப்பான பில் காகிதத்தில் எழுத்து சூட்டால் வருவது, வெயிலிலும் சூட்டிலும் மங்கிவிடும். வாங்கின கையோடு போட்டோ எடு. வீட்டுக்கு வந்ததும் துடைத்த தரையில் அரை மணி நேரம் ஷூவோடு நட, வெளியே போட்டுப் போகாதே; அடிப்பாகம் அழுக்கானால் பிறகு மாற்ற முடியாது. கருநிறச் சட்டையை முதல் தடவை தனியாகத் துவை.

அவளையும் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா