பத்து நிமிடம் முன்னால் கிளம்பு

அன்புள்ள மகளுக்கு,

போனில் நீ சொன்னது இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. "இங்கே யாருக்கும் யாரும் தேவைப்படலப்பா. உதவி பண்ணணும்னு நினைச்சாலும் அதுக்கு இடமே வரமாட்டேங்குது" என்றாய். இடம் வருகிறது கண்ணு. நீ போகிற வேகத்தில் அது கண்ணில் படுவதில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்று இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள். பிரின்ஸ்டனில் பாதிரியார் பணிக்குப் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்களை வைத்து அவர்கள் செய்த சோதனை 1973-இல் வெளியானது. பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ப் பேச வேண்டும் என்று ஒவ்வொருவராக அனுப்பினார்கள். சிலரிடம் "நேரமாகிவிட்டது, சீக்கிரம் போங்கள்" என்றார்கள். சிலரிடம் நேரம் இருப்பதாகச் சொன்னார்கள். வழியில் ஒருவர் தலை தொங்க, இருமிக்கொண்டு வாசலோரம் சாய்ந்திருந்தார். நேரம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு விதத்தில் உதவினார்கள். அவசரத்தில் இருந்தவர்களில் 10 சதவீதம் பேர்தான். இத்தனைக்கும் அந்த மாணவர்களில் பாதிப்பேர் பேசப் போன தலைப்பே, அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய, பைபிளில் வரும் நல்ல சமாரியனின் கதை!

அவர்கள் யாரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. அவசரம் அவர்களை அப்படி ஆக்கிவிட்டது. அதனால்தான் கேட்கிறேன், எங்கே போவதாக இருந்தாலும் பத்து நிமிடம் முன்னால் கிளம்பு.

அந்தப் பத்து நிமிடத்தில் என்னவெல்லாம் தெரியும் என்று பார். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு படிக்கட்டை அண்ணாந்து பார்க்கிற பெண். பணம் எடுக்கும் இயந்திரத்தின் முன்னால் திணறுகிற பெரியவர், அவர் பின்னால் உச்சுக்கொட்டுகிற வரிசை. அங்கே நீ சத்தமில்லாமல் நின்றாலே போதும், அவர் கை நடுங்காது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்து, யாரிடம் பேசுவது என்று தெரியாமல் போனையே பார்த்துக்கொண்டிருக்கும் பையன். வாடிக்கையாளர் சேவையில் நாள் முழுக்கத் திட்டு வாங்குகிற குரல். அந்தக் குரலுக்கு உரியவரின் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லி நன்றி சொல். முடிந்தால் அவருடைய மேலாளரிடமும் ஒரு நல்ல வார்த்தை சொல்லு. குறை சொல்லத்தான் எல்லோரும் மேலாளரைக் கேட்கிறார்கள்.

உதவும் விதம் ரொம்ப முக்கியம். பார்வை இல்லாதவரின் கையைப் பிடித்து இழுக்காதே. கேட்டுவிட்டு உன் முழங்கையைக் கொடு, அவர் பிடித்துக்கொள்வார். சக்கர நாற்காலியைக் கேட்காமல் தள்ளாதே, அது அவர் உடம்பைத் தொடுவது மாதிரி. திக்கிப் பேசுகிறவரின் வாக்கியத்தை நீ முடித்து வைக்காதே, முகத்தைப் பார்த்துக் காத்திரு. "வேண்டாம்" என்றால் சரி என்று நகர்ந்துவிடு. அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. அப்புறம், உதவுவதைப் படம் எடுத்துப் போடுகிறவர்களை எனக்குப் பிடிப்பதே இல்லை. கை நீட்டி வாங்குகிறவருக்கும் ஒரு முகம் இருக்கிறது.

"இவ்வளவு சின்ன விஷயத்தை யார் பெரிதாக நினைப்பார்கள்" என்று நீ தயங்குவாய், உன்னை எனக்குத் தெரியும். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற ஆய்வாளர்கள் 2022-இல் இதைத்தான் எழுதியிருக்கிறார்கள். செய்கிறவர் தன் செயலைச் சாதாரணம் என்று நினைக்கிறார். அந்தச் செயல் கிடைத்தவருக்கோ, செய்தவர் எதிர்பார்த்ததைவிட அதிகமாக மனம் நிறைகிறது. பொருளின் மதிப்பையே செய்தவர் யோசிக்கிறார், வாங்குகிறவருக்கோ அதிலிருக்கும் அன்புதான் தெரிகிறது. அதனால் தயக்கம் வந்தால், அந்தக் கணக்கு தப்பாக இருக்கக்கூடும் என்று நினைத்துக்கொண்டு செய்துவிடு.

ஒன்று மட்டும். இருட்டிய பிறகு தனியாக வரும்போது யாராவது நிறுத்தினால், மனதுக்குச் சரியாகப் படவில்லை என்றால் நிற்காதே. ஆள் நடமாட்டம் உள்ள இடத்துக்குப் போய் அங்கிருந்து உதவிக்குக் கூப்பிடு. அதுவும் உதவிதான். இதில் அப்பா சொல்வதைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும்.

அம்மா உன் சளி சரியாகிவிட்டதா என்று கேட்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, உங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் யார் யார் என்று சொல்.

அன்புடன்,
அப்பா