பிரிட்ஜ் விற்கும் அண்ணாமாருக்கும் தம்பிமாருக்கும்

யாழ்ப்பாண நகரிலும் சுன்னாகம், சாவகச்சேரி, நெல்லியடிப் பக்கங்களிலும் மின்சாதனக் கடை வைத்திருக்கும் அண்ணாமாருக்கும், அங்கே நின்று வியாபாரம் பார்க்கும் தம்பி தங்கைமாருக்கும் வணக்கம்.

கனடாவில் இருக்கும் என் தம்பி அம்மாவுக்குப் பிரிட்ஜ் வாங்கக் காசு அனுப்பினான். நான் கடைக்குப் போய் நாலைந்து பெட்டிகளை வீடியோவில் காட்டினேன். அங்கே நின்ற பிள்ளை ஒன்றைத் தட்டி, "அண்ணை, இது வைஃபை உள்ளது. ரொறன்ரோவில இருந்தே அம்மாவின்ர பிரிட்ஜைப் பாக்கலாம்" என்றது. தம்பி அந்த இடத்திலேயே விழுந்துவிட்டான். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு இங்கே இருக்கும் அம்மாவின் சமையலறைமேல் ஒரு கண் இருந்தால் போதும், விலை பெரிதில்லை. அது உங்களுக்கும் தெரியும்.

பெட்டி வந்த முதல் வாரம், ஒரு நாள் பகல் 12 மணி. அம்மா கதவை விரியத் திறந்துவைத்து, தட்டுகளைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். ரொறன்ரோவில் அப்போது விடியப்புறம் 2.30. கதவு திறந்திருக்கிறது என்று தம்பியின் போன் கத்த, அவன் பதறி எழும்பி அம்மாவுக்குப் போன் எடுத்தான். "அம்மா, பிரிட்ஜ் கதவைப் பூட்டுங்கோ!" அம்மா வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "எங்கையடா நிக்கிறாய்? சொல்லாமல் கொள்ளாமல் வந்திட்டியோ?"

சிரித்தோம். ஆனால் இந்த மடலை எழுதவைத்தது அதுவல்ல.

பெட்டியை இறக்க வந்த பையன்தான் செயலியையும் போட்டுத் தந்தான். அம்மாவிடம் இருப்பது பொத்தான் போன். அதனால் தன் போனில், தன் மின்னஞ்சலில் பெட்டியைப் பதிந்து, தம்பியை உறுப்பினராகச் சேர்த்துவிட்டுப் போனான். உதவி என்றுதான் செய்தான், அவனில் பிழை சொல்ல மாட்டேன். சில மாதம் கழித்து அவன் வேலையை விட்டு, போனையும் மாற்றிக் கணக்கை அழித்தபோது தம்பியின் திரையிலிருந்து பெட்டி மறைந்துபோனது. அப்போதுதான் விளங்கியது, பதிவின்படி எங்கள் பிரிட்ஜுக்குச் சொந்தக்காரன் அந்தப் பையன் என்று. அதுவரை தனியாக இருக்கும் ஒரு வயதான மனுசியின் வீட்டுப் பிரிட்ஜ் இன்னொருவர் போனில் இருந்திருக்கிறது. கதவு திறந்து கிடந்தால் எங்களுக்கு வரும் அறிவித்தல் அங்கேயும் போயிருக்கும். ஒரு முழுநாள் கதவே திறக்கப்படவில்லை என்று தெரிந்தால் அந்த வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். இதை யோசித்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கடையில் கேட்டேன். "கொம்பனியைக் கேளுங்கோ அக்கா." கொம்பனியைக் கேட்டேன். "வாங்கின இடத்தில கேளுங்கோ." கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குந்தியிருந்து, ஆங்கிலக் கையேட்டைப் பார்த்துப் பழைய இணைப்பை அழித்து, அம்மாவின் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறந்து, நானே பதிந்தேன். வீட்டு ரவுட்டரில் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை உண்டு. எங்கள் பெட்டி முதலாவதை மட்டும்தான் பிடிக்கும். இதைக் கண்டுபிடிக்க மட்டும் எனக்கு இரண்டு மணித்தியாலம் போனது. கடையில் ஒரு வாய் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று, அந்த ஸ்டிக்கர். கதவில் 'ஸ்மார்ட் இன்வெர்ட்டர்' என்று ஒட்டியிருந்தால் சனம் அதை இன்டர்நெட் பிரிட்ஜ் என்று நினைக்கிறது. அது பிரிட்ஜைக் குளிரவைக்கும் கொம்பிரசரைப் பற்றிய பேச்சு. பழைய கொம்பிரசர் ஓடும், நிற்கும், திரும்ப ஓடும். இன்வெர்ட்டர் கொம்பிரசர் தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும், கரண்ட் மிச்சம். அதற்கும் வைஃபைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. என் பக்கத்து வீட்டு மாமா இன்னும் ஒரு படி மேலே போய், கரண்ட் போனாலும் இன்வெர்ட்டரில் பிரிட்ஜ் ஓடும் என்று நம்பி வாங்கினார். முதல் தடவை கரண்ட் போன அன்று வெளிச்சமாகிவிட்டது, அதாவது இருட்டாகிவிட்டது.

கரண்ட் கதைக்கு வந்தால், விற்கும்போது நீங்கள் சொல்லாமல் விடும் பெரிய விஷயம் இதுதான். கரண்ட் போனால் இந்தப் பெட்டி யாருக்கும் தகவல் அனுப்பாது. அனுப்பவும் முடியாது. அதற்கே உயிர் இல்லை, ரவுட்டருக்கும் உயிர் இல்லை. தம்பியின் திரையில் தொடர்பில்லை என்று மட்டும் காட்டும். அது கரண்ட் போனதாலா, டேட்டா முடிந்ததாலா, அம்மா வழக்கம்போல ரவுட்டரைப் பிளக்கிலிருந்து கழற்றி அயர்ன் போடுகிறாரா என்று அவனுக்குத் தெரியாது. 1990களில் வருடக்கணக்காகக் கரண்டே இல்லாமல், ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்ட ஊர் இது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அதையும் பார்த்தோம். இந்த ஊரில் பிரிட்ஜ் விற்பவர் சொல்ல வேண்டிய முதல் விஷயம், கதவைத் திறக்காமல் விட்டால் கீழ்ப்பெட்டி சுமார் 4 மணித்தியாலம் குளிர் தாங்கும், நிறைந்த பிரீசர் 48 மணித்தியாலம் வரை, பாதி நிறைந்தது 24 வரை என்பது. செயலியில் வரும் படங்களைவிட அம்மாவுக்கு இதுதான் உதவும்.

உள்ளே கமரா வைத்த விலை கூடிய பெட்டிகளையும் இப்போது காட்டத் தொடங்கியிருக்கிறீர்கள். சாம்சுங் 2016இல் கொண்டுவந்த வகையில், கதவைச் சாத்தும் ஒவ்வொரு முறையும் உள்ளே படம் எடுத்து, சாமான் வாங்கக் கடைக்குப் போன வீட்டுக்காரரின் போனுக்குக் காட்டும். 2024 மாதிரியில் 33 வகை உணவுப்பொருளை அதுவே அடையாளம் காணும் என்றார்கள். அந்த 33க்குள் வல்லாரைக்கு இடம் கிடைத்திருக்காது என்று பந்தயம் கட்டுவேன். அது கிடக்கட்டும், எங்கள் வீட்டுப் பிரிட்ஜுக்குள் கமரா எதைப் பார்க்கும்? அடுக்கடுக்காக ஐஸ்கிரீம் பெட்டி. ஒன்றில் நேற்றைய கணவாய்க்கறி, ஒன்றில் அரைத்த சம்பல் கூட்டு, ஒன்றில் இடித்த மிளகாய்த்தூள். ஐஸ்கிரீம் மட்டும் இருக்காது. அந்தப் படத்தைப் பார்த்து ரொறன்ரோக்காரன் அம்மாவின் சீனி வருத்தத்தை நினைத்துக் கவலைப்படுவான்.

இணையத்தோடு சேர்ந்த பிரிட்ஜ் புதுச்சரக்கும் அல்ல. எல்ஜி 2000ஆம் ஆண்டே ஒன்றை விற்றது, விலை 20,000 டொலருக்கு மேல், வாங்க ஆள் இல்லை. இப்போது விலை இறங்கிவிட்டது, சரி. ஆனால் பிரிட்ஜ் 10, 15 வருடம் ஓடும் சாமான். உள்ளே இருக்கும் மென்பொருளுக்கு அத்தனை வருடம் யார் பொறுப்பு? 2015இல் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டை ஒட்டி, சாம்சுங் பிரிட்ஜ் ஒன்றைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். கூகுள் நாட்காட்டியைத் திரையில் காட்டுவதற்காக அது கூகுளோடு பேசும்போது, எதிரே இருப்பது உண்மையான கூகுள்தானா என்று சான்றிதழைச் சரிபார்க்காமலே விட்டது. அதே வைஃபையில் புகுந்த ஒருவர் வீட்டுக்காரரின் ஜிமெயில் கடவுச்சொல்லைப் பிடித்துவிடலாம். இப்படியான ஓட்டைகளைப் புதுப்பிப்பு அனுப்பித்தான் அடைக்க வேண்டும். புதுப்பிப்பு நின்றபிறகும் பெட்டி குளிரும், ஓட்டை அப்படியே கிடக்கும். பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல், எதுவரை பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவோம் என்பதைத் தயாரிப்பாளர் சொல்லியே ஆகவேண்டும் என்று சட்டம். லண்டனில் இருக்கும் என் மச்சாளுக்குச் சொல்லும் பதிலை எனக்கும் சொல்லலாம்தானே?

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. பில்லோடு தமிழில் ஒரு தாள் தாருங்கள். எந்த வருடம்வரை புதுப்பிப்பு வரும், இணையம் இல்லாவிட்டால் எது வேலை செய்யும், எது செய்யாது என்று அதில் இருக்கட்டும். குளிரும் என்பதையும் எழுதுங்கள். இன்டர்நெட் போனால் மீன் பழுதாகிவிடும் என்று பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். பெட்டியை இறக்க வரும் பையன் தன் போனில் எதையும் பதியக்கூடாது. வீட்டில் ஒருவர் பெயரில் பதிந்து, கடவுச்சொல்லை அவர் கையாலேயே போடவைக்க வேண்டும். பழைய பெட்டியை நீங்கள் திருப்பி எடுக்கும்போது, அதிலுள்ள கணக்கை வீட்டுக்காரர் முன்னால் அழித்துவிட்டு ஏற்றுங்கள்.

தமிழில் எழுத ஆள் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதியவள் நான். கையேட்டைக் கொண்டுவந்தால் ஒரு பின்னேரத்தில் எழுதித் தருவேன், காசு வேண்டாம். அம்மாவின் பெட்டிக் கதவில் ஏற்கெனவே ஒன்று ஒட்டியிருக்கிறேன். "கரண்ட் போனால் திறக்க வேண்டாம். தம்பி போன் எடுத்தால், அவன் கனடாவில்தான் நிற்கிறான்."

இப்படிக்கு,
கொக்குவிலிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி