சனிக்கிழமை அன்பியக் கூட்டம்: அடுப்படியிலும் இறையமைதி

இயேசுவுக்கே புகழ்!

வரும் சனிக்கிழமை மாலை 6.30 மணிக்கு நம் அன்பியக் கூட்டம் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் கூட்டம்), வழக்கமான செக்காலை வீட்டு மாடியில். இந்த முறை நீண்ட உரை கிடையாது. வேலைக்கு நடுவே கடவுளோடு இருப்பது எப்படி என்று பேசப்போகிறோம்.

சகோதரர் லாரன்ஸ் 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரக் கார்மேல் மடத்தில் சமையல் வேலை பார்த்தவர். நற்கருணை முன் முழந்தாளிடும்போது கிடைக்கும் அதே அமைதி, அடுப்படி இரைச்சலிலும் தனக்குக் கிடைக்கிறது என்றவர். ஒரு பக்கம் பணியாரச் சட்டி, இன்னொரு பக்கம் ஸ்கூல் வேன் ஹாரன் என்று ஓடுகிறவர்களுக்கு இவரைப் பிடித்துவிடும். (ஆண்களும் அடுப்படிப் பக்கம் போகலாம், தப்பில்லை.)

1. பிலிப்பியர் 4:6-7 வாசித்து வாருங்கள். பவுல் சிறையிலிருந்து எழுதியது என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.
2. அதுவரை தினமும் ஒரே ஒரு வேலையை, செல்போனைத் தள்ளி வைத்துவிட்டு, செபத்தோடு செய்து பாருங்கள். கோலமோ கடைக் கணக்கோ, எதுவானாலும் சரி. ஆத்தங்குடித் தரைக்கல் செய்யும் நம் அண்ணன், கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றும் நேரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். மனம் அலைந்தால் உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம், மறுபடி தொடங்குங்கள்.
3. விவிலியம் கட்டாயம்.
4. வீட்டிலிருந்து எத்தனை பேர் என்று வியாழன் இரவுக்குள் இங்கேயே எழுதுங்கள். கைகூப்பும் படம் மட்டும் போட்டால் சுக்குக் காப்பிக்குக் கணக்கு வராது.
5. பெரியவர்களை அழைத்துவர ஆட்டோ வேண்டுமானால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்.