நான்கு குடம் தண்ணீர்

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. இங்கு எல்லாரும் நலம். அவருக்கு மூட்டுவலிதான் விட்டபாடில்லை.

உங்கள் குடியிருப்பில் தண்ணீர்ச் செலவை எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரிப்பதா, வீட்டுக்கு வீடு மீட்டர் வைப்பதா என்று சண்டை மூண்டிருப்பதாக எழுதியிருந்தாய். மீட்டர் வைக்கத்தான் வேண்டும். இரண்டு பேர் இருக்கும் வீடும் தினமும் கார் கழுவும் வீடும் ஒரே தொகை கட்டுவது எந்த ஊர் நியாயம்? ஆனால் மீட்டரை மட்டும் நம்பிவிடாதே. இங்கே இந்த வருஷம் நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

ஐப்பசியில் நன்றாகப் பிடித்த மழை கார்த்திகையில் கைவிட்டுவிட்டது. வயலுக்குப் பாயும் கண்மாய் பாதிகூடப் பெருகவில்லை. குடிநீர்க் குளமான ஊருணியில் மட்டும் முக்கால்வாசித் தண்ணீர் சேர்ந்தது. ராமநாதபுரத்துச் சீமையின் நிலத்தடி நீர் உனக்குத் தெரியாததா? எங்கள் பக்கம் எங்கே துளை போட்டாலும் உப்புத்தான். காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாயில் வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. அதனால் தை பிறந்ததும் ஊர்க்கூட்டம் போட்டு, வீட்டுக்கு நாளொன்றுக்கு நான்கு குடம், அதுவும் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்று முடிவு செய்தோம். செருப்போடு இறங்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, ஆடு மாடு அண்டக் கூடாது என்பதெல்லாம் பழைய கட்டுப்பாடுகள். காவலுக்கு ஒரு பெரியவரை அமர்த்தி, வீட்டுக்கு வீடு வசூலித்துச் சம்பளம் கொடுக்கிறோம்.

சில நாட்களிலேயே சோதனை வந்துவிட்டது. ஊரில் செல்வாக்குள்ள ஒரு வீட்டில் கல்யாணம். டிராக்டரில் தொட்டியை வைத்து, மோட்டாரோடு கரைக்கு வந்து நின்றார்கள். பெரியவர் குழாயை இறக்கவே விடவில்லை. கூட்டத்தில் கேட்டு வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படித்துறையில் உட்கார்ந்துகொண்டார். அன்று மாலையே கூட்டம் கூடியது. முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு கடைசித் தெருவைச் சேர்ந்த ஒரு பெண் எழுந்து, “என் வீட்டுப் பிள்ளைப்பேற்றுக்கே ஐந்தாவது குடம் எடுக்கவில்லை” என்றாள். அதற்குமேல் பேச்சே எழவில்லை. கல்யாணத்துக்கு லாரித் தண்ணீர் வந்தது. அந்த மாலைக்குப் பிறகுதான், கோமதி, ஊரார் அந்த நான்கு குடக் கணக்கை நம்பினார்கள். பெரிய வீட்டுக்கு ஒரு முறை விட்டுக்கொடுத்திருந்தால் மறுநாளே எல்லாரும் ஆறு குடத்தோடு வந்திருப்பார்கள்.

இப்போது தண்ணீர் அடிமட்டத்தை நெருங்கிவிட்டதால் கலங்கலாகத்தான் வருகிறது. மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைச் சுற்றிச் சுற்றித் தேய்த்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைக்கிறேன். மண்ணெல்லாம் அடியில் படிந்து, மேலே தெளிந்து நிற்கிறது. அதை அசைக்காமல் மொண்டு, கொதிக்கவைத்துக் குடிக்கிறோம். அடியில் தங்கிய வண்டல் முருங்கைக்குப் போகிறது.

கண்மாய்ப் பாசனத்துக்கும் இப்படி ஆள் இருந்தார்களே, நினைவிருக்கிறதா? நீர்ப்பாய்ச்சி என்போம், தண்ணீர் திறந்துவிடும் மடையைப் பார்ப்பதால் சில ஊர்களில் மடையன் என்பார்கள். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று பேர் பெற்ற ராஜசிங்கமங்கலம் கண்மாயானாலும், ஒரே மடையுள்ள சின்னக் கண்மாயானாலும், எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு என்று பார்த்துப் பாய்ச்சியவர்கள் அவர்கள். கூலியாகக் களத்து நெல் போகும். பல ஊர்களில் இந்த வேலையைச் சொந்த நிலமில்லாத தலித் குடும்பங்களிடம் கொடுத்திருந்தார்கள். தன் வயல் என்று ஒன்று இருந்தால்தானே ஓரவஞ்சனை செய்ய? ஆனால் ஊர் வயலுக்கெல்லாம் நீர் பகிர்ந்த அந்தக் கைகளையே ஊருணிப் படியில் இறங்கவிடாத ஊர்களும் உண்டு. அந்தக் காலத்தைப் போல வராது என்று யாராவது பெருமூச்சு விட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. முறைவைத்துப் பாய்ச்சுவதை எடுத்துக்கொள்வோம், மற்றதை எடுக்க வேண்டாம்.

உங்கள் சங்கத்தில் கணக்கு கேட்டால் செயலாளர் முகம் சுளிக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அதுதான் எனக்கு மீட்டரைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது. உத்திரமேரூர் உனக்கு எட்டின தூரம்தான். 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் எடுக்கும் விதிகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினர்களும் அடுத்த முறை நிற்கவே முடியாது. அந்தச் சபையில் நமக்கு இடம் இருந்திருக்காது, அது வேறு கதை. ஆனால் அந்த ஒரு விதியை எழுதி உங்கள் லிப்ட் பக்கத்தில் ஒட்டலாம். லாரி எத்தனை நடை வந்தது, எவ்வளவு கொடுத்தோம், எந்த வீட்டு மீட்டர் எவ்வளவு ஓடியது என்று மாதாமாதம் பலகையில் எழுதட்டும். எங்கள் ஊரில் காவல் சம்பளக் கணக்கைக் கோயில் சுவரில்தான் எழுதுகிறோம்.

இன்னொன்று, உங்கள் மொட்டைமாடி. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 500 சதுர மீட்டர் மாடியில் 1,000 மில்லிமீட்டர் பெய்தாலே ஐந்து லட்சம் லிட்டர் ஆகிறது. 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். இப்படி ஐந்து மொட்டைமாடி சேர்ந்தால் ஒரு ரயில்! மழைநீர்த் தொட்டி உங்களிடமும் இருக்கும், 2003-லேயே கட்டாயமாக்கிவிட்டார்களே. அதில் இப்போது மணல் இருக்கிறதா, சருகு இருக்கிறதா என்று திறந்து பார். வடிகட்டும் கூழாங்கல்லை வெளியே எடுத்துக் கழுவிப் போடச் சொல். ஆவணிக்குள் செய்துவிட்டால் ஐப்பசி மழைக்குத் தயாராக இருக்கும்.

சித்திரையில் ஊருணியைத் தூர்வாரப் போகிறோம். வண்டலை யார் வயலுக்கு எத்தனை வண்டி என்பதில் இப்போதே பேச்சு சூடாகியிருக்கிறது. சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கும் வரத்துக்காலையும் அப்போதே வெட்டிவிட வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர்தான் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், மீதிப் பேரை இந்த வாரம் வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும். உங்கள் கூட்டத்தில் என்ன முடிவானது என்று உடனே எழுது.

அன்புடன்,
வள்ளி