‘எங்கள் பிதாவே’ என்னும் சொல்லுக்குள்

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பிக்கு,

நீங்கள் குருப்பட்டம் பெற்ற செய்தி வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. ஓய்வுநாள் பள்ளியில் உங்களுக்கு முதல் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தவள் என்ற உரிமையில் இந்தக் கடிதத்தை ‘நீ’ என்றுதான் தொடங்கினேன். அரைப்பக்கம் எழுதிய பிறகு அந்தத் தாளை ஒதுக்கிவிட்டு, ‘நீங்கள்’ என்று மறுபடியும் தொடங்கியிருக்கிறேன். உங்கள் தகப்பனாரைவிட மூத்தவர்கள் இனி உங்களை ‘ஐயா’ என்று அழைத்து எழுந்து நிற்பார்கள். உங்கள் கையில் ஒப்புவிக்கப்பட்ட வசனத்துக்கும் திருவிருந்துக்கும் அவர்கள் செலுத்தும் மரியாதை அது. அதை நானும் செலுத்த வேண்டும் என்று தோன்றியது.

சபையாரோடு எப்படிப் பழகுவது என்று ஒரு வரியாவது எழுதும்படி கேட்டிருந்தீர்கள். ஒரு வரியில் அடக்க எனக்குத் தெரியவில்லை. ஆனால் நாற்பது ஆண்டுகளாகப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டவளாக ஒரே ஒரு காரியத்தை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன், அது ஒரு சிறிய சொல்லைப் பற்றியது.

நம் மொழியில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, அவரை விலக்கினால் ‘நாங்கள்’. ஜெபத்தில் கேட்பவர் தேவன் என்பதால் அங்கே ‘எங்கள் பிதாவே’ என்று தொடங்கி, எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும் என்று வேண்டுகிறோம். அந்த ‘எங்கள்’ என்ற சொல்லுக்குள் போதகரும் இருக்கிறார், பின்வரிசையில் காய்ச்சல்கண்ட பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாயும் இருக்கிறாள், பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் ஆலயத்துக்குள் நுழைந்த மனிதரும் இருக்கிறார். ஆனால் ஜெபம் முடிந்து பிரசங்கபீடத்தில் ஏறியவுடன் அதே வாய், ‘நீங்கள் ஜெபிப்பதில்லை, நீங்கள் மன்னிப்பதில்லை, நீங்கள் கொடுப்பதில்லை’ என்று பேசத் தொடங்குவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். போதகரும் சபையும் பிரியத் தொடங்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். பணத்தகராறும் பதவித்தகராறும் அதற்குப் பிறகு வருகிறவை.

தீர்க்கதரிசி நாத்தான் பாவம் செய்த தாவீது அரசனைப் பார்த்து, அந்த மனிதன் நீயே என்று சொல்லவில்லையா என்று நீங்கள் கேட்கக்கூடும். சொன்னார். ஆனால் தன்னைத் தண்டிக்கும் அதிகாரம் படைத்த ஓர் அரசனிடம், நேருக்கு நேராக நின்று சொன்னார். எழுந்து மறுமொழி சொல்ல வழியில்லாத கூட்டத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. தானியேலையும் நினைத்துப் பாருங்கள். தன்மேல் குற்றம் காண முயன்றவர்களுக்கு ஒன்றும் அகப்படாத அந்த மனிதர், ஜனத்துக்காக ஜெபிக்கும்போது ‘அவர்கள்’ பாவம் செய்தார்கள் என்று சொல்லாமல், நாங்கள் பாவம் செய்தோம் என்றே அறிக்கையிட்டார்.

391ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரத்துக்கு வந்திருந்த அகுஸ்தீனை அங்கிருந்த மக்கள் பிடித்துக்கொண்டுபோய்க் குருவாக்கும்படி ஆயரிடம் நிறுத்தினார்கள். அவர் அழுதார். ஆயர் பதவி கிடைக்காமல் குருப்பட்டம் மட்டும் கிடைத்ததற்காக அழுகிறார் என்று எண்ணிச் சிலர் தேற்றினார்களாம். ஏற்கவிருந்த பாரத்தின் ஆபத்தை நினைத்தே அவர் அழுதார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதிய பொசிதியுஸ் சொல்கிறார். பின்னாளில் ஆயரான அவர், உங்களுக்காக நான் ஆயர், உங்களோடு நான் கிறிஸ்தவன் என்று தம் மக்களிடம் சொன்னதோடு, முதலாவது தமக்கு ஆபத்து என்றும் இரண்டாவதே தமக்கு இரட்சிப்பு என்றும் சேர்த்துச் சொன்னார். ‘உங்களுக்காக’ என்பதில் நிற்கும்போது ‘உங்களோடு’ என்பதை விட்டுவிட்டவர்களே சபையையும் இழந்தார்கள், தங்களையும் இழந்தார்கள்.

ஒரு போதகர் சபைக்கு வரும் வழி எல்லா இடத்திலும் ஒன்றல்ல. சில திருச்சபைகளில் ஆயரோ பேராயரோ அனுப்புகிறார், சிலவற்றில் சபையே கூடி அழைக்கிறது, வேறு சிலவற்றில் போதகர் தாமே இரண்டு மூன்று குடும்பங்களோடு தொடங்கிய கூடுகை சபையாக வளர்கிறது. கடைசி வகையில் ‘என் சபை’ என்ற பேச்சு வெகு எளிதில் நாவில் வந்துவிடும்; உழைத்தவருடைய பேச்சு என்பதால் அதை யாரும் குறையாகவும் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஆண்டவர் பேதுருவிடம் ஒப்புவித்தபோது, ‘உன் ஆடுகளை’ என்று சொல்லவில்லை. ‘என் ஆடுகளை’ என்றார். அந்த உடைமையை அவர் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. அதே பேதுரு பிற்காலத்தில் மூப்பர்களுக்கு எழுதும்போது தம்மை ‘உடன்மூப்பன்’ என்று சொல்லிக்கொள்கிறார். அந்த ‘உடன்’ என்ற முன்னொட்டை நான் மிகவும் நேசிக்கிறேன்.

வரலாறு கற்பித்தே காலம் கழித்தவள் ஆதலால் இரண்டு போதகர்களின் கதையைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. ஒருவர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ். வட அமெரிக்காவின் நார்தாம்ப்டன் சபையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஊழியம் செய்தவர், பெரிய எழுப்புதல்களைக் கண்டவர், ஆழ்ந்த சிந்தனையாளர். நாளின் பெரும்பகுதியைப் படிப்பறையில் கழித்தார்; தேடி வந்தவர்களை அன்போடு ஏற்றார், ஆனால் வீடு வீடாகப் போய்ப் பழகும் வழக்கம் அவருக்கு இருக்கவில்லை. 1744இல் சில இளைஞர்கள் மருத்துவச்சிகளுக்கான நூலொன்றைக் கையில் வைத்துக்கொண்டு பெண்களைக் கேலி செய்கிறார்கள் என்ற புகார் வந்தது. விசாரணைக்கு வர வேண்டியவர்களின் பெயர்களைப் பிரசங்கபீடத்திலிருந்து அவர் வாசித்தபோது, குற்றம் சாட்டப்பட்டவர் யார், சாட்சி சொல்ல வேண்டியவர் யார் என்று பிரித்துச் சொல்லவில்லை. ஊரில் பல வீடுகளில் மனம் புண்பட்டது. சில ஆண்டுகளுக்குப் பிறகு, தமக்கு முன்பு அதே சபையில் ஊழியம் செய்த தம் தாத்தாவின் வழக்கத்துக்கு மாறாக, உண்மையான மனமாற்றத்தை அறிக்கையிடுகிறவர்களுக்கே திருவிருந்தில் பங்கு என்று அவர் தீர்மானித்தபோது, அவருடைய காரணங்களைக் கேட்கக்கூடப் பலருக்கு மனமில்லை. 1750இல் சபை பெருவாரியான வாக்குகளால் அவரை நீக்கியது. திருவிருந்தைப் பற்றிய அவருடைய கொள்கை சரியா தவறா என்று இங்கே வழக்காட வரவில்லை. சரியான காரியத்தைச் சொல்லவும் ஒரு போதகருக்குச் சபையோடு பழகிய கால்தடம் வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

மற்றவர் அவருக்கு ஒரு நூற்றாண்டு முந்தியவரான ரிச்சர்ட் பாக்ஸ்டர். இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டரில் அவருடைய பொறுப்பில் 800க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இருந்தன. வாரந்தோறும் திங்களும் செவ்வாயும் காலை முதல் ஏறக்குறைய இரவுவரை அவரும் அவருடைய உதவியாளரும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பேசினார்கள்; வாரத்துக்குப் பதினைந்து பதினாறு குடும்பங்கள் என்று கணக்கிட்டு ஓர் ஆண்டில் எல்லாரையும் சந்தித்துவிட முயன்றார்கள். பத்து ஆண்டுகள் பிரசங்கம் கேட்டும் ஒன்றும் விளங்காதிருந்த சிலர், அரைமணி நேரம் நெருங்கிப் பேசியதில் அதைவிட அதிகம் அறிந்துகொண்டார்கள் என்று அவரே எழுதி வைத்தார். நன்றாகப் பிரசங்கிக்கத் தெரிந்தவர் எழுதியது அது என்பதால் எனக்கு அதில் கூடுதல் நம்பிக்கை உண்டு. நீங்களும் நன்றாகப் பிரசங்கிப்பீர்கள் என்று அறிந்தே இதைச் சொல்கிறேன்.

வீடுகளுக்குப் போகும்போது பல காரியங்கள் உங்கள் காதில் விழும். அவை உங்களுடைய சொத்து அல்ல. பாவஅறிக்கையில் கேட்டதை வெளியிடும் குருவைப் பணியிலிருந்து நீக்கிக் கடுமையான துறவுமடத்தில் வாழ்நாள் முழுவதும் தவம் செய்யும்படி அடைக்க வேண்டும் என்று 1215இல் ரோமில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கமாகிய நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. அந்த முறைமை இல்லாத சபைகளில் அந்தக் கண்டிப்பும் மங்கிப்போயிற்றோ என்று நான் வருந்துவதுண்டு. ஏனென்றால் நம்மிடையே ஒருவருடைய துயரம் வெளியே கசியும் வழி பெரும்பாலும் பக்தியின் உடையிலேயே வருகிறது. இந்தக் குடும்பத்துக்காகப் பாரத்தோடு ஜெபியுங்கள் என்று சொல்லும்போதே அந்தக் குடும்பத்தின் மூடிய கதவு திறந்துவிடுகிறது. பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல், ‘ஒரு சகோதரி என்னிடம் வந்து அழுதார்’ என்று தொடங்கும் எடுத்துக்காட்டும் அப்படிப்பட்டதே. அந்தச் சகோதரி மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருப்பார், இருபுறமும் இருப்பவர்களுக்கு அவர் யார் என்று தெரிந்திருக்கும். அவர் மறுபடியும் உங்களிடம் வரமாட்டார். அவரைப் பார்த்த வேறு சிலரும் வரமாட்டார்கள். அவர்கள் ஏன் வரவில்லை என்பது உங்களுக்குக் கடைசிவரை தெரியாமலே போகலாம்.

பணத்தைக் குறித்து அதிகம் எழுதவில்லை. ஊழியரைத் தாங்குவது சபையின் கடமை என்று வாதாடிய பவுலே, அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் கூடாரம் செய்து பிழைத்தார். ஆதித் திருச்சபையின் கையேடாகிய அப்போஸ்தலர் போதனையும், வந்து தங்கும் ஊழியர் பணம் கேட்டால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு, சபையில் நிலைத்து ஊழியம் செய்கிறவர் தம் ஆகாரத்துக்குப் பாத்திரர் என்றும் சொல்கிறது. வரவு செலவுக் கணக்கை இரண்டு மூன்று பேர் பார்க்கும்படி வையுங்கள். காணிக்கையை நீங்கள் தனியாக எண்ணாதீர்கள்.

இதுவரை எழுதியதெல்லாம் போதகரைப் பற்றியது. சபையைச் சேர்ந்தவளாக எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் நான் சொல்லியாக வேண்டும்.

நான் சபைக் குழுவில் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். அப்போது எங்களுக்குப் போதகராக இருந்தவர் மென்மையான மனிதர். நள்ளிரவில் அழைத்தாலும் மருத்துவமனைக்கு வந்து நிற்பவர். அவருடைய தாயார் மரித்து அடக்கம் செய்யப்பட்டது ஒரு வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பீடத்தில் நின்றார். நாங்கள் அதைப் பெரிய அர்ப்பணிப்பு என்று புகழ்ந்தோம். அன்று அவருக்குப் பதிலாக வேறொருவர் ஆராதனை நடத்தட்டும் என்று குழுவில் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருடைய மனைவி ஊதியமில்லாத இரண்டாம் ஊழியராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தோம், அவருடைய பிள்ளைகளின் உடையையும் மதிப்பெண்ணையும் பற்றிப் பேசினோம். கூட்டங்களில் அவருடைய பிரசங்கத்தின் நீளத்தைக் குறித்து விவாதித்திருக்கிறோம். அவர் எப்போது கடைசியாக ஓய்வெடுத்தார் என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. ஏழாம் ஆண்டில் அவர் உடைந்துபோனார். ஊழியத்தைவிட்டே விலகுவதாகக் கடிதம் கொடுத்தபோது, அழைப்பில்லாதவர் என்று எங்களில் சிலர் சொன்னார்கள். நான் அதை மறுத்துப் பேசவில்லை.

எட்வர்ட்ஸை நீக்குவதற்கு முன்னின்றவர்களில் ஒருவர் அவருடைய உறவினரான ஜோசப் ஹாலி. சில ஆண்டுகளுக்குப் பிறகு அவர் தம் செயலுக்காக வருந்தி எட்வர்ட்ஸுக்கே எழுதினார்; எட்வர்ட்ஸ் மரித்தபின், 1760இல், அந்த வருத்தத்தை ஊரறிய அச்சிலும் வெளியிட்டார். வகுப்பறையில் அந்தப் பகுதியைப் பலமுறை கற்பித்திருக்கிறேன். சென்ற ஆண்டுதான் அது என்னை நோக்கிப் பேசுவதாக உணர்ந்தேன். நானும் எங்கள் பழைய போதகருக்கு எழுதினேன். அவருடைய தாயாரைப் பற்றி, அந்த ஞாயிறைப் பற்றி, கூட்டத்தில் நான் காத்த மௌனத்தைப் பற்றி, ஒன்றையும் மறைக்காமல் எழுதினேன்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. குற்றம் சாட்டும் சொல் ஒன்றும் அதில் இல்லை. அந்த ஞாயிறன்று ஆராதனை முடிந்து எல்லாரும் போனபிறகு, நான் வாசலருகே சற்று நேரம் நின்றுவிட்டுப் போனதை அவர் இன்னும் நினைவில் வைத்திருந்தார். ஏதோ கேட்க வந்தீர்கள் என்று நினைத்தேன், அதனால் அங்கியைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் காத்திருந்தேன் என்று எழுதியிருந்தார்.

தம்பி, உங்களுக்கென்று ஒரு போதகரைத் தேடிக்கொள்ளுங்கள். அவர் உங்கள் சபைக்கு வெளியே உள்ளவராகவும் உங்களைக் கண்டிக்கத் தயங்காதவராகவும் இருக்கட்டும். அதோடு, உங்கள் சபையிலும் யாராவது உங்களைப் பார்த்து நலமா என்று கேட்கக்கூடும். அப்படிக் கேட்டால், ‘கர்த்தருடைய கிருபையால் நன்றாக இருக்கிறேன்’ என்று உடனே சொல்லி அவரை அனுப்பிவிடாதீர்கள். நலமில்லை என்றால் இல்லை என்றே சொல்லுங்கள், எனக்காக ஜெபியுங்கள் என்று கேளுங்கள். முதல் தடவை அவர் தடுமாறுவார், ஏனென்றால் போதகருக்காகப் போதகர் முன்னிலையில் ஜெபிக்க எங்களை யாரும் பழக்கவில்லை.

உடனே பதில் எழுத வேண்டாம். முதலில் அந்த வீடுகளுக்கெல்லாம் போய் வாருங்கள். யார் யாரைப் பார்த்தீர்கள் என்று எனக்கும் சொல்ல வேண்டாம்.

ஜெபத்தோடு,
உங்கள் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை